உடம்புக்கு ஆகும் வீடு: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் கட்டுகிறவர்களுக்கு

அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை, திருவேற்காட்டிலிருந்து நசரத்பேட்டை வரை, அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கட்டுகிறார்கள். சேமிப்பு, நகை, வங்கிக் கடன் எல்லாம் அதில்தான் போகிறது. அப்படிக் கட்டிய வீட்டில் முதல் மே மாதமே ஏசி இல்லாமல் தூங்க முடியவில்லை என்றால், அடுத்த மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம் ஏறினால், புது அலமாரியைத் திறக்கும்போது கண் எரிந்தால், அதைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இவை அத்தனையும் பூமி பூஜைக்கு முன்பே காகிதத்தில் முடிவாகிவிடுகிற விஷயங்கள்.

பசுமை வீடு என்றதும் சோலார் பேனல், விலை உயர்ந்த கண்ணாடி, இறக்குமதிப் பெயிண்ட் என்று மனம் போகிறது. இந்த அத்தியாயம் வேறு வரிசையைச் சொல்கிறது. முதலில் மனை, அடுத்து கூரை, அதன்பின் மேற்குச் சுவர், பிறகு தண்ணீர், கடைசியாக வீட்டுக்குள் நுழையும் பொருள்கள். இந்த வரிசையில் யோசித்தால் பட்ஜெட் அதிகம் கூடாமலே வீடு குளிரும், உடம்பும் தப்பும்.

இந்தப் பக்கத்து வெயிலும் காற்றும்

கடற்கரையை ஒட்டிய மயிலாப்பூர், திருவான்மியூர் வீடுகளுக்குப் பொருந்தும் யோசனை எல்லாம் நமக்குப் பொருந்தாது. கோடையில் பிற்பகலில் கிளம்பும் கடற்காற்று இங்கே வந்து சேர நேரமாகும். மேலைக்காற்று பலமாக இருக்கும் ஜூன் நாட்களில் வராமலும் போகும். உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் வானிலை நிலையம் மே, ஜூனில் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிடக் கூடுதல் வெப்பத்தைக் காட்டுவதற்கும் இதுதான் காரணம். ஆவடியும் பூந்தமல்லியும் அதே கணக்கில்தான் வரும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்துவிட்டது. வீட்டின் வெப்பத்தை இனி சொகுசுக் கணக்கில் சேர்க்க முடியாது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

சூரியனின் போக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது சற்றே வடக்கே சாய்ந்து நிற்கும். அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் வீட்டின் மீது விழும் வெப்பத்தில் பெரும்பங்கை வாங்குவது மொட்டை மாடி. அதற்கடுத்தது மேற்குச் சுவர்.

மனையைப் பாருங்கள்

இந்தப் பகுதி முழுக்க ஏரிப் பாசன நிலமாக இருந்தது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, திருநின்றவூர், செம்பரம்பாக்கம் ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களும் இன்றும் மழைக்காலத்தில் தங்கள் பழைய வழியைத் தேடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர் தொழிற்பேட்டை உட்படப் பல இடங்கள் மூழ்கின.

மனை வாங்குவதற்கு முன் நான்கு வேலைகளைச் செய்யுங்கள்.

1. சர்வே எண்ணை வைத்துக்கொண்டு பட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு மூன்றையும் அரசின் இணையச் சேவையில் எடுங்கள். பக்கத்துச் சர்வே எண் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால் கிராம வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள்.

2. 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்து மூன்று வீடுகளில் தனித்தனியாகக் கேளுங்கள். பேஸ்மெண்ட் மட்டம் அந்த அடையாளத்துக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி இருக்கட்டும். மின் மீட்டர், சம்ப் மூடி, மோட்டார் சுவிட்ச் மூன்றும் அதற்கும் மேலே.

3. மண் பரிசோதனை செய்யுங்கள். இங்கே ஒரே தெருவில்கூட செம்மண் சரளையும் களிமண்ணும் மாறி மாறி வரும். களிமண் ஈரத்தில் உப்பி, கோடையில் சுருங்கும்; சுவரில் குறுக்கே ஓடும் வெடிப்புகளுக்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்ட மண்ணில் அண்டர் ரீம்டு பைல் வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் முடிவு செய்யட்டும். மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

4. மனையில் இருக்கும் மரத்தை வெட்டும் முன், அதை விட்டுவிட்டு வரைபடம் போட முடியுமா என்று பாருங்கள். மேற்கே நிற்கும் ஒரு புங்கையோ வேம்போ பல ஆண்டு வளர்ச்சி. அதைப் பணம் கொடுத்து உடனே வாங்க முடியாது.

வரைபடத்தில் முடிக்க வேண்டியவை

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுமானம் உள்ள வீட்டுக்கு, சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அலைச்சலை அது குறைக்கிறது. ஆனால் அனுமதி சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக வரைபடத்தை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள்.

30க்கு 40 அடியில் மேற்குப் பார்த்த மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்து லே-அவுட்களில் அது சாதாரணம். தெருப்பக்கம் முழுக்க மாலை வெயில் அடிக்கும். மே மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 27 பாகை உயரத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் 2 அடி சன்ஷேட், நான்கடி உயர ஜன்னலின் மேல் ஓர் அடியை மட்டுமே மறைக்கும். மீதி மூன்று அடியில் வெயில் நேரே உள்ளே விழும். சன்ஷேடை நீட்டி இதைத் தீர்க்க முடியாது. மாடிப்படி, கழிப்பறை, ஸ்டோர், கார் நிறுத்தும் இடம் ஆகியவற்றை மேற்கே வையுங்கள். மேற்கு ஜன்னல்களைச் சிறிதாக்கி, செங்குத்துப் பட்டைகளோ செங்கல் ஜாலியோ முன்னால் கொடுங்கள். பழைய வீடுகளின் திண்ணை இதே வேலையைத்தான் செய்தது: வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே அதை நிறுத்தியது.

வாஸ்துப்படி தென்மேற்கு மூலையில்தான் பெரிய படுக்கையறை வேண்டும் என்று பெரும்பாலான குடும்பங்கள் கேட்கின்றன. அப்படி வைத்தால் அறையின் மேற்குச் சுவர் மாலை வெயிலில் சூடேறும். நம்பிக்கையை விட வேண்டியதில்லை; அறையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. மேற்குச் சுவரை வெப்பம் கடத்தாத கல்லில் கட்டுங்கள், துணி அலமாரிகளை அந்தச் சுவர் நெடுக வையுங்கள், வெளியே ஒரு பால்கனியோ கொடிப்பந்தலோ கொடுங்கள். ஜன்னலைத் தெற்கே திறங்கள்.

காற்று உள்ளே வருவதற்குத் தென்கிழக்கிலும், வெளியேறுவதற்கு எதிர்ப்புறத்திலும் திறப்பு வேண்டும். நம்முடையது போன்ற புழுக்கமான ஊர்களுக்கு, ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டடக் கோட்பாடு சொல்கிறது. 10க்கு 12 அடி அறை என்றால் 20 சதுர அடி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும், கொசுவலை போட்டால் காற்று மேலும் குறையும். ஆகவே முழுதாகத் திறக்கும் கதவு வைத்த ஜன்னலைக் கேளுங்கள். சீலிங்கை ஒட்டி வென்டிலேட்டர் கேளுங்கள். சூடான காற்று மேலேதான் தேங்கும். அதற்கு வழி விட வேண்டும்.

கூரை: முதல் செலவு இங்கே

பணம் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூரையை மட்டும் சரியாகச் செய்யுங்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டரில், ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். வெறும் 5 அங்குல ஆர்.சி.சி. கூரை இதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது. ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் சுடுவதற்குக் காரணம் இதுதான்.

சென்னையின் பழைய வீடுகளுக்கு இதற்கு ஒரு பதில் இருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கூரையில் தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கனமாகப் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்று தேக்கு உத்திரம் கட்டுப்படியாகாது. ஆனால் ஆர்.சி.சி. தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு போடுவதை இப்போதும் செய்யலாம். 'சுர்க்கி போட்டு தட்டோடு பதிக்கிறது' என்று சொன்னால் மூத்த கொத்தனார்களுக்குப் புரியும். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கட்டையால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் சிமெண்டைக் கலந்து அவசரமாக முடித்தால் வெடிப்பு விழும்.

அதற்கு ஆள் கிடைக்காவிட்டால், தளத்தின் மேல் நீர்க்காப்புப் பூச்சு, அதன் மேல் 50 மி.மீ. கனமுள்ள, வெப்பம் தடுக்கும் எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை, மேலே கான்கிரீட் பூச்சு, வெள்ளை டைல்ஸ் என்ற வரிசை நல்ல பலன் தரும். மேலே சொன்ன எல்லைக்குள் சௌகரியமாக வந்துவிடும். எதைச் செய்தாலும் மேல்பரப்பு வெள்ளையாக இருக்கட்டும். ஏற்கெனவே கட்டிய வீட்டில் வாழ்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பங்குனிக்குள் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாலே மேல்மாடி அறையில் வித்தியாசம் தெரியும்.

கான்கிரீட்டையும் சிக்கனம் செய்யலாம். தளத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் சுமையைத் தாங்குவதில் பெரிய பங்கு வகிப்பதில்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை நிரப்பிப் போடும் ஃபில்லர் தளத்தைக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கினார். கான்கிரீட் மிச்சம், எடை குறைவு, சீலிங்கும் அழகு. ஆனால் கம்பி இடைவெளியைப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும்.

சோலார் பேனல் போடுபவர்களுக்கு இரட்டை லாபம்: மின்சாரமும் நிழலும். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். பேனல் கால்களுக்குத் தளம் போடும்போதே இடம் விடுங்கள். பிறகு துளையிட்டால் நீர்க்காப்பு போய்விடும்.

சுவருக்கு எந்தக் கல்?

எல்லா இடத்துக்கும் ஒரே கல் என்ற பழக்கத்தை விடுங்கள்.

செங்கல்: நன்றாக வெந்த சூளைக் கல் இன்றும் நம்பகமானது. இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் உடையக் கூடாது. ஒரு நாள் நீரில் ஊறினால் எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. குறை என்னவென்றால், அது வயலின் மேல்மண்ணையும் எரிபொருளையும் தின்கிறது. அதனால் எண்ணிக்கையைக் குறைக்கும் கட்டுமுறையைப் பாருங்கள். கல்லைக் கிடையாக வைக்காமல் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ரேட்-ட்ராப் கட்டு சுமார் 25 சதவீதம் செங்கல்லை மிச்சம் பிடிக்கும். நடுவே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். இதையும் பரவலாக்கியவர் பேக்கர்தான்.

ஃபிளை ஆஷ் கல்: அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அங்கே மலைபோல் குவியும் சாம்பல் காற்றிலும் நீர்நிலையிலும் கலப்பதைவிடச் சுவருக்குள் போவது நல்லது. சூளை நெருப்பும் இதற்கு வேண்டாம். ஆனால் போதிய நாள் நீரில் ஆறாத கல்லை லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதுதான் பின்னால் சுருங்கிச் சுவரில் மெல்லிய வெடிப்புகளைக் காட்டும். தயாரித்து 28 நாள் ஆன கல்லையே கேளுங்கள். பரிசோதனைச் சான்றில் தாங்குதிறன் சதுர மி.மீ.க்குக் குறைந்தது 7.5 நியூட்டன் இருக்கட்டும்.

ஏஏசி பிளாக்: தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்த வெள்ளைக் கல். செங்கல்லோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். மேற்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் மிகவும் ஏற்றது. பில்லர், பீம் போட்ட வீட்டில் மட்டும் பயன்படுத்துங்கள், பேஸ்மெண்டுக்கு வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் கல் என்பதால் வெளிப்பூச்சும் சன்ஷேடும் சரியாக இருக்க வேண்டும். கான்கிரீட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் கம்பி வலை வைத்துப் பூசினால் வெடிப்பு வராது.

சாலிட் கான்கிரீட் பிளாக்: விலை குறைவு, வேலை வேகம். ஆனால் செங்கல்லைவிட அதிக வெப்பத்தைக் கடத்தும். காம்பவுண்டுக்கும் உள்சுவருக்கும் வைத்துக்கொண்டு, மேற்குச் சுவரில் தவிர்த்துவிடுங்கள்.

அழுத்திய மண்கல்: 1989 முதல் ஆரோவில் மண் கட்டடக் கழகம் வளர்த்துவரும் தொழில்நுட்பம். மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்தி, சுடாமல், 28 நாள் நீர்விட்டு ஆற்றுகிறார்கள். மணல் பாதியும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருக்கும் மண் இதற்குப் பொருந்தும். நம் ஏரிக்கரைக் களிமண்ணில் அப்படியே முடியாது. மணல் சேர்க்க வேண்டும். செம்மண் கிடைக்கும் மனைக்காரர்கள் மண்ணைச் சோதித்துப் பார்க்கலாம்.

முடிவெடுக்கும் முன் குடும்பத்தோடு ஒரு நாள் முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ராவுக்குப் போய்வாருங்கள். 1996-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் திண்ணையிலும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்திலும் உட்கார்ந்து பார்த்தால், நிழலுக்கும் ஓட்டுக்கும் என்ன சக்தி என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

சிமெண்டில் பிபிசி வகையைக் கேளுங்கள். அதில் அனல்மின் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருப்பதால் கரிவாயு குறைவு, உப்பைத் தாங்கும் தன்மை கூடுதல். அது மெதுவாக இறுகும். ஆகவே சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், நீராற்றும் நாட்களைக் கூட்டுங்கள். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட். பொதுப்பணித்துறை மதிப்பீட்டுச் சான்று பெற்ற குவாரியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். வெறும் கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று இறக்கிவிடுவதும் நடக்கிறது.

போர் தண்ணீர், உப்பு, ஓதம்

சுவரில் உப்பு பூப்பதும் பெயிண்ட் உரிவதும் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருபவை: கலவைக்கு ஊற்றிய தண்ணீர், தரையிலிருந்து ஏறும் ஈரம். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பி.எச். அளவு 6-க்குக் குறையக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 456) சொல்கிறது. தாண்டினால் சுவர் அழுக்காவதோடு நிற்காது. உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்து விழும். போர் போட்டவுடன் ஒரு பாட்டில் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ கொடுத்துவிடுங்கள். சரியில்லை என்றால் கான்கிரீட்டுக்கும் நீராற்றுவதற்கும் நல்ல தண்ணீர் லாரி சொல்லுங்கள்.

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியும் பழைய வடிகால்களை ஒட்டியும் மனை இருந்தால், குடிக்கும் முன் கன உலோகங்களுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். கொரட்டூர் ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பதை எதிர்த்து அங்குள்ள மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று போராடினார்கள். ஏரி கெட்டால் நிலத்தடி நீரும் கெடும் என்பதை அவர்கள் கிணற்றைப் பார்த்தே தெரிந்துகொண்டவர்கள்.

தரை ஈரத்துக்கு பிளிந்த் மட்டத்தில் ஈரத்தடுப்புப் படலம் போடுவதுதான் மருந்து. இதை மறந்துவிட்டுப் பின்னால் ஆயிரக்கணக்கில் கெமிக்கல் பூசுவதால் ஓதம் நிற்பதில்லை. ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சை வளரும்; மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதுவே பெரிய தொல்லை. பூச்சு வேலை முடிந்து சுவர் நன்றாகக் காய்வதற்குள் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தாலும் இதே கதைதான். கிரகப்பிரவேசத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் நெருக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் சுவருக்குக் கொடுங்கள்.

மழையைச் சேர்ப்பது

2003-லேயே மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே சேகர் ராகவன் சென்னையில் மழை மையம் அமைத்து வீடு வீடாக எடுத்துச் சொன்னார். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, கிணற்றுக்கு மழையைக் கொடுத்த வீடுகளுக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

கணக்கு எளிது. சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. 800 சதுர அடி மொட்டை மாடியில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 80,000 லிட்டர் கிடைக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது ஐந்து மாதத் தண்ணீர். ஆனால் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆகவே வடிகட்டிச் சம்பில் கொஞ்சம், மீதி நிலத்துக்கு என்று பிரியுங்கள்.

களிமண் மனையில் நான்கடிக் குழி தோண்டி ஜல்லி நிரப்புவது அனுமதிக்குப் போட்டோ எடுக்க மட்டுமே உதவும். தண்ணீர் இறங்காது. களியைத் தாண்டி மணல் அடுக்கைத் தொடும்வரை உறை இறக்கிய கிணறு வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்ற ஒரு வால்வு, செப்டிக் டேங்கிலிருந்து நல்ல இடைவெளி, வருடத்துக்கு ஒரு முறை தூர்வாருதல்: இவை மூன்றும் சேர்ந்தால்தான் அது சேகரிப்பு. சுற்றுத் தரை முழுக்க சிமெண்ட் போட்டு மூடாமல், ஒரு பக்கமாவது மண்ணாக விடுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் பொருள்கள்

வெளியே புகை என்று ஜன்னலை மூடிக்கொள்கிறோம். புது வீட்டில் உள்ளே இருக்கும் காற்றே கெட்டதாக இருக்கக்கூடும். நான்கு பொருள்களில் கவனம் வையுங்கள்.

பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு: ஒட்டுவதற்கு ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசையைப் பயன்படுத்துகிறார்கள். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வகைப்படுத்தியது. வெப்பமும் ஈரமும் கூடினால் அது அதிகம் வெளியேறும். நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. பலகையில் இ-0 அல்லது இ-1 முத்திரை கேளுங்கள். அறுத்த விளிம்புகளைத் திறந்து விடாமல் மூடச் சொல்லுங்கள். சமையலறையில் பலகையே இல்லாமல் கடப்பா கல் தட்டு வைத்து, கதவு மட்டும் போட்டால் கரையானும் வராது, வாடையும் வராது. கதவு நிலைக்குப் பழைய வீட்டுத் தேக்கு கிடைத்தால் வாங்குங்கள். புதிதாக ஒரு மரம் சாய வேண்டாம்.

பெயிண்ட்: வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அந்த வாசகத்தைத் தேடுங்கள். பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் பழைய எனாமலை உலர்ந்தபடி தேய்க்க விடாதீர்கள். நனைத்துச் சுரண்டி, தூளைத் திரட்டிக் கட்டுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். கிரில்லுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரில் ஜிங்க் குரோமேட் இருந்தால் தவிர்த்து, ஜிங்க் பாஸ்பேட் வகையைக் கேளுங்கள். உள்சுவருக்கு, காற்றில் ஆவியாகும் ரசாயனம் (வி.ஓ.சி.) குறைந்த எமல்ஷன் போதும். சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் பூஞ்சையும் எளிதில் அண்டாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: துணி துவைக்கும் இடத்துக்கும் மாடிக் கொட்டகைக்கும் இன்னும் இதைப் போடுகிறார்கள். இதன் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. புதிதாக வாங்கவே வேண்டாம். இரும்புச் சட்டத்தில் மங்களூர் ஓடு போடுங்கள். பழைய ஷீட்டை எடுக்கும்போது துளையிடாமல், உடைக்காமல், நன்றாக நனைத்து, முழுசாக இறக்க வேண்டும்.

கரையான் மருந்து: அஸ்திவாரத்தில் ஊற்றும் மருந்து எது, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கிணறு, சம்ப், மழைநீர்க் குழிப் பக்கம் ஊற்ற விடாதீர்கள்.

தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸை யோசிக்கலாம். சூளையில் சுடாமல், கண்ணாடிமேல் கையால் வார்த்து நீரில் ஆற்றிச் செய்யும் கல் அது. காவித் தரை போடத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அதுவும் காலுக்குக் குளிர்ச்சி.

கட்டுகிறவர்களின் உடம்பு

ஆரோக்கியமான வீடு என்று சொல்லிவிட்டு, அதைக் கட்டுகிறவர் இருமிக்கொண்டு போனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை. டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். துணிக்குப் பதில் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். சிமெண்ட் கலக்கும் சித்தாளுக்கு ரப்பர் கையுறை, மே மாதத்தில் நண்பகல் ஓய்வு, நிழல், குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை: இவை கட்டுபவரின் கடமை. தொழிலாளர்கள் 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதியாதவருக்கு நீங்கள் உதவினால், அவர் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை வரை அது போய்ச் சேரும்.

ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை

சதுர அடிக்கு இத்தனை என்று மெட்டீரியலோடு பேசும்போது, வாய்ப்பேச்சில் விட்டவை எதுவும் நிற்காது. இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

- கூரை மேல் என்னென்ன அடுக்கு, எத்தனை கனம், மேல்பரப்பின் நிறம்.
- மேற்கு, தெற்குச் சுவருக்கு எந்தக் கல். ஃபிளை ஆஷ் என்றால் 28 நாள் ஆனதற்குச் சான்று.
- சிமெண்ட் வகை, எம்-சாண்ட் வரும் குவாரியின் சான்று.
- கலவைத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை, நீராற்றும் நாட்கள்.
- பிளிந்த் மட்டத்தில் ஈரத்தடுப்புப் படலம்.
- உறைக்கிணற்றின் ஆழம், மணல் அடுக்கு தொட்டதற்குப் போட்டோ.
- பிளைவுட் தரம், பெயிண்டின் பெயர், பிரைமர் வகை.
- இடித்த கழிவை ஏரியிலோ காலி மனையிலோ கொட்டக் கூடாது என்ற நிபந்தனை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வரும் அம்பத்தூர்க்காரர்களுக்கு, கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டடக் கழிவைப் பிரித்து மறுபயன்பாட்டுக்குத் தரும் ஆலைகள் இருக்கின்றன.

கையில் இருக்கும் பணம் எல்லாவற்றுக்கும் போதாமல் போகலாம். அப்போது எதைத் தள்ளிப்போடுவது என்பதில் தெளிவாக இருங்கள். ஃபால்ஸ் சீலிங், எலிவேஷன் அலங்காரம், மாடுலர் கிச்சன், சோலார் ஆகியவற்றை இரண்டு வருடம் கழித்தும் செய்யலாம். கூரைக் காப்பு, மேற்குச் சுவரின் கல், ஈரத்தடுப்பு, பேஸ்மெண்ட் உயரம், ஜன்னல்களின் இடம் ஆகியவற்றைப் பிறகு மாற்ற வேண்டுமானால் இடிக்கத்தான் வேண்டும். கடன் தவணையின் முதல் பணத்தை இந்த ஐந்துக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் மற்றதைப் பாருங்கள்.